சர்க்கரை நோய் இல்லாத புற்றுநோயாளிக்கு மெட்ஃபார்மின் கொடுக்கலாமா?

தேவகோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சின்னத்தாவுக்கு மார்பகப் புற்றுநோய், அறுவைச் சிகிச்சை முடிந்து கீமோ தொடங்கியிருக்கிறது, சர்க்கரை நோய் கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் அவர் மகன் அனுப்பிய காணொளியில், சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை புற்றுக்கட்டியைப் பட்டினி போட்டுவிடும் என்று சொல்கிறார்கள். டாக்டரிடம் சொன்னால் கோபிப்பார் என்பதால், நாமாகவே காலையும் இரவும் 500 மில்லிகிராம் கொடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி. கொடுக்க வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் அடுத்த வாரம் இன்னொரு காணொளி வந்து அதைக் கலைத்துவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் மருந்துக்கடை நடத்தும் பார்மசிஸ்ட், மருத்துவன் அல்லன். எங்கள் பக்கத்தில் ஐம்பது வயதைக் கடந்தவர்களில் மெட்ஃபார்மினை அறியாதவர் மிகக் குறைவு என்பதால் என் கடையில் அதிகமாக நகரும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று. சீட்டு இல்லாமல் வந்து, "இது கேன்சருக்கும் கேட்குமாமே" என்று விசாரிப்பவர்கள் சில ஆண்டுகளாகவே இருக்கிறார்கள். பெரும்பாலும் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரிய வீட்டில் ஆச்சியும் துணைக்கு ஒருவருமாக இருக்கும் குடும்பங்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது. மாத்திரையோ விலை மலிவு. இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் இந்தக் கேள்வி பிறக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது யாரோ கிளப்பிவிட்ட புரளி அன்று. மெட்ஃபார்மின் மிகப் பழைய மருந்து. ஐரோப்பாவில் நாட்டு மருந்தாகப் பயன்பட்ட கலேகா என்ற செடியிலுள்ள ஒரு வேதிப்பொருளின் வழியில் வந்தது. 1922இல் டப்ளினில் முதன்முதலில் தயாரிக்கப்பட்டு, 1957இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்ட பிறகுதான் உலகத்தின் கண்ணில் பட்டது. புற்றுநோயோடு அதை முடிச்சுப் போட்டது ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரை. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட 11,876 பேரில் பின்னாளில் 923 பேர் புற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களையும் புற்றுநோய் வராத சர்க்கரை நோயாளிகளையும் ஒப்பிட்டபோது, மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு பல நாடுகளிலிருந்து இதே தொனியில் ஆய்வுகள் வந்தன.

ஆய்வுக்கூடக் காரணமும் கைவசம் இருந்தது. இந்த மருந்து ஈரல் சர்க்கரையை உற்பத்தி செய்து இரத்தத்தில் விடுவதைக் குறைக்கிறது. அதனால் இன்சுலின் அளவும் இறங்குகிறது. இன்சுலின் செல்களை வளரத் தூண்டும் ஹார்மோன் என்பதாலும், அது மிகுந்திருக்கும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயின் போக்கு மோசமாக இருந்ததாகக் கண்டிருந்ததாலும், அதைக் குறைத்தால் நன்மை வரும் என்று எதிர்பார்த்தது நியாயமே. செல்லுக்குள் ஆற்றல் தயாராகும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையையும் இது ஓரளவு தடுக்கிறது. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச்செல்கள் இதனால் வளர்ச்சி குன்றியதையும் சாவதையும் பார்த்திருக்கிறார்கள். காணொளிக்காரர்கள் காட்டும் படம் இதுதான். அந்தத் தட்டில் ஊற்றிய மெட்ஃபார்மினின் செறிவு, மாத்திரை விழுங்கிய மனிதரின் இரத்தத்தில் இருப்பதைப் போலப் பெரும்பாலும் நூறு மடங்கு, சில வேளைகளில் அதற்கும் மேல் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. அந்தச் செறிவை எட்டும் அளவுக்கு ஒருவருக்கு மாத்திரை கொடுத்தால் புற்றுநோய்க்கு முன் அவரே போய்விடுவார்.

ஸ்காட்லாந்துக் கணக்கையும் அதைத் தொடர்ந்தவற்றையும் எப்படிப் படிப்பது? நம் ஊர் வழக்கத்தில் சொன்னால் எளிதாக விளங்கும். எண்பதாம் சாந்தி செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் இரண்டு பட்டியலாக எழுதி, செய்துகொண்டவர்களின் சராசரி ஆயுள் கூடுதலாக இருக்கிறது, ஆகவே சாந்தி ஆயுளைக் கூட்டுகிறது என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிப்போம். எண்பதுவரை இருந்தவருக்குத்தானே எண்பதாம் சாந்தி. மெட்ஃபார்மின் ஆய்வுகள் பலவற்றில் இதே பிழை ஒளிந்திருந்தது. மாத்திரை தொடங்கும் நாள்வரை உயிரோடும் நலத்தோடும் இருந்த காலத்தையும் மாத்திரையின் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். சுயிஸ்ஸா, அசுலே என்ற கனடா நாட்டு ஆய்வாளர்கள் இருவர் 2012இல் இதை ஒவ்வோர் ஆய்வாக எடுத்துக் காட்டினார்கள். இதோடு, மெட்ஃபார்மின் பொதுவாகச் சர்க்கரை நோயின் தொடக்கத்தில், சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குக் கொடுப்பது. ஒப்பிடப்பட்ட மற்றவர்களில் பலர் இன்சுலின்வரை போன, நோய் முற்றியவர்கள். இரு தரப்பும் தொடக்கத்திலேயே சமமானவர்கள் அல்லர்.

இத்தகைய சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி, ஒத்த நிலையிலுள்ள நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் கொடுத்துப் பல ஆண்டுகள் பார்ப்பது. உங்கள் சின்னத்தாவின் நிலைக்கு மிக நெருக்கமான ஆய்வு அப்படி நடந்து முடிந்திருக்கிறது. டொரண்டோவின் பமேலா குட்வின் தலைமையில், எம்.ஏ.32 என்ற பெயரில், சர்க்கரை நோய் இல்லாத 3,649 மார்பகப் புற்றுநோயாளிகளைச் சேர்த்து, நாளைக்கு இரண்டு முறை 850 மில்லிகிராம் வீதம் ஐந்து ஆண்டுகள் கொடுத்தார்கள். முடிவு 2022இல் வெளிவந்தது. ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும், ஹார்மோன் ஏற்பி உள்ள வகையில், நோய் திரும்புதல், புதிய புற்றுநோய், மரணம் ஆகியவற்றைச் சேர்த்து எண்ணினால், 100 பேரை ஓராண்டு கவனித்த கணக்கில் மருந்து எடுத்தவர்களிடம் 2.78, வெற்று மாத்திரை எடுத்தவர்களிடம் 2.74. வித்தியாசம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டியதில்லை. ஹார்மோன் ஏற்பி இல்லாத வகையில் பலன் தெரிய வாய்ப்பில்லை என்று கண்டு, அந்தப் பிரிவினருக்கு மாத்திரையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். இதில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று: அதே ஆய்வில் தொடக்க மாதங்களில் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களின் உடல் எடையும் இன்சுலினும் எதிர்பார்த்தபடி குறைந்துதான் இருந்தன. மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்தது. புற்றுநோய் அதைப் பொருட்படுத்தவில்லை.

மற்றப் புற்றுநோய்களிலும் கதை ஏறக்குறைய இதுதான். முற்றிய கணையப் புற்றுநோயில் நெதர்லாந்தில் 121 பேரிடம் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில் பலன் இல்லை. நுரையீரல் புற்றுநோயில் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுக்கும்போது மெட்ஃபார்மினையும் சேர்த்த கனடா ஆய்வு ஒன்றில், 54 பேர் மட்டுமே என்றாலும், மருந்து எடுத்தவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசமாகவே போனது. பிரிட்டனின் ஸ்டாம்பீட் ஆய்வில் பரவிய புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 1,874 பேரிடம் பார்த்தபோது ஆயுள் கூடியதாக உறுதிசெய்ய முடியவில்லை. ஆனால் ஹார்மோன் சிகிச்சையால் ஏறும் எடையையும் சர்க்கரையையும் அது மட்டுப்படுத்தியது. நம்பிக்கை தரும் ஒன்று ஜப்பானிலிருந்து 2016இல் வந்தது: பெருங்குடலில் இருந்த பாலிப்புகளை, அதாவது சிறு சதை வளர்ச்சிகளை, அகற்றியவர்களுக்கு நாளைக்கு வெறும் 250 மில்லிகிராம் வீதம் ஓராண்டு கொடுத்ததில், மீண்டும் பாலிப் வந்தவர்கள் 100க்கு 38, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 56. ஆனால் இது புற்றுநோய் வராமல் காப்பதைப் பற்றிய கேள்வி. வந்த நோயைத் தீர்ப்பதைப் பற்றியது அன்று.

"பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே, கோடிக் கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்களே" என்று நீங்கள் கேட்கக்கூடும். சர்க்கரை நோயாளிக்கு அது உண்மையிலேயே பாதுகாப்பான மருந்துதான். கீமோவில் இருக்கும் உடம்பு வேறு. மெட்ஃபார்மின் உடம்பில் மாறுதல் அடையாமல் சிறுநீரகத்தின் வழியே அப்படியே வெளியேறுகிறது. கீமோவுக்குப் பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்குமாக நீர்ச்சத்து இறங்கினால் சிறுநீரகம் தளரும், மருந்து தேங்கும், அரிதாக இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். இதன் உறவுக்கார மருந்தான ஃபென்ஃபார்மினை அமெரிக்கா 1970களிலேயே சந்தையிலிருந்து எடுத்ததற்கு அந்த அமில ஏற்றம்தான் காரணம். மெட்ஃபார்மினில் அது மிகக் குறைவு. ஆனால் சிஸ்பிளாட்டின் போலச் சிறுநீரகத்தைத் தாக்கும் கீமோ மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, யாருக்கும் தெரியாமல் இதையும் சேர்த்தால் அந்த ஆபத்து கூடிவிடும். இது போக, மெட்ஃபார்மினே தொடக்கத்தில் குமட்டலும் பேதியும் தரும், வாயில் உலோகச் சுவை வரவைக்கும், பசியைக் குறைக்கும். இரண்டு இட்லி இறங்குவதே பெரிது என்றிருக்கும் ஒருவருக்கு இதைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. "சர்க்கரையை நிறுத்தினால் கேன்சர் செத்துவிடும்" என்று சோற்றையும் பாலையும் நிறுத்துவதும் இதே வகைத் தவறு.

நீண்ட நாள் எடுத்தால் பி12 வைட்டமின் குறைந்து கை கால் மரத்துப்போகலாம். மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தும் அதே மரமரப்பைத் தரும். மெட்ஃபார்மின் எடுப்பது தெரியாத மருத்துவர் எல்லாப் பழியையும் கீமோவின் மேல் போட்டு, தேவையான மருந்தின் அளவைக் குறைத்துவிட வாய்ப்பு உண்டு.

எங்கள் அயித்தை பற்றி இங்கே சொல்வது பொருந்தும். அவர்களுக்குப் பெருங்குடலில் புற்றுநோய்; நீண்டகாலச் சர்க்கரை நோயாளி, மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மதுரையில், உடம்பில் புற்று எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தபோது, 48 மணி நேரத்துக்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும் என்று சொன்னார்கள். மெட்ஃபார்மின் எடுப்பவர்களின் குடல் ஸ்கேனில் செலுத்தும் கதிரியக்கச் சர்க்கரையை அதிகமாக உறிஞ்சிப் பளிச்சென்று தெரியும். அந்தப் பளிச்சில் உண்மையான கட்டி மறைந்துபோகலாம், இல்லாத கட்டி இருப்பதாகவும் தோன்றலாம். கீமோ நாட்களில் வாந்தி மிகுந்தால் மாத்திரையை நிறுத்திவிடச் சொன்னார்கள். வாந்தியைக் கட்டுப்படுத்த ஏற்றிய டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தால் சர்க்கரை முந்நூறைத் தாண்டிய நாட்களில் இன்சுலின் போட்டார்கள். உணவு இறங்கத் தொடங்கிய பிறகு மாத்திரை மீண்டும் வந்தது. சொல்லிவிட்டு எடுத்ததால் இவ்வளவும் ஒழுங்காக நடந்தது. உங்கள் சின்னத்தா மறைத்து எடுத்தால், ஸ்கேன் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கே தெரியாது.

ஆகவே இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகள் பயந்து மெட்ஃபார்மினை நிறுத்திவிட வேண்டாம்; உங்களுக்கு அது உங்கள் சர்க்கரைக்கான மருந்து, புற்றுநோய் வந்தாலும் மருத்துவர் சொல்லும்வரை தொடர வேண்டியது. புற்றுநோய் மருத்துவர்களே இதை எழுதித்தரும் சந்தர்ப்பங்களும் உண்டு: அல்பெலிசிப் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை சர்க்கரையைக் கடுமையாக ஏற்றும் என்பதால் அதோடு மெட்ஃபார்மின் கொடுப்பது வழக்கம்.

சின்னத்தாவுக்கு இனிச் செய்ய வேண்டியது: அடுத்த கீமோவுக்குப் போகும்போது, இதுவரை வீட்டில் என்னென்ன மாத்திரை, கஷாயம், பொடி கொடுத்தீர்களோ அவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு ஏறும் காலத்தில் புதிதாகச் சர்க்கரை தலைகாட்டுவது உண்டு, அப்படி வந்தால் மெட்ஃபார்மினா இன்சுலினா என்பதை அவரே சொல்வார். காணொளியையும் காட்டிக் கேட்டுவிடுங்கள். இதே கேள்வியைப் பலமுறை கேட்ட மருத்துவர்கள் கோபிப்பதைவிடச் சலித்துக்கொள்வதே அதிகம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு எம்.ஏ.32 என்ற ஆய்வின் பெயரை அனுப்பிவையுங்கள், அவர் ஆங்கிலத்தில் முழுவதையும் படித்துக்கொள்வார். ஏற்கெனவே வாங்கிவைத்த அட்டைகள் பிரிக்காமல் இருந்தால், பில்லோடு கொண்டுபோய், வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.