பயாப்ஸி எடுத்தாயிற்று, ரிப்போர்ட் வரவில்லை: இந்த நாட்களை எப்படித் தள்ளுவது?

கேள்வி: எனக்கு வயது 37. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. வலது தொடையின் பின்பக்கம் ஆறேழு மாதமாக ஒரு கட்டி. வலி இல்லாததால் கொழுப்புக் கட்டி என்று விட்டுவிட்டேன். பெரிதாவது போலத் தெரிந்ததும் காட்டினேன். எம்.ஆர்.ஐ.யில் 7 சென்டிமீட்டர், தசைக்குள் இருக்கிறது, என்ன வகை என்று சொல்ல முடியவில்லை என்று வந்தது. பன்னிரண்டு நாள் முன்பு ஊசி வழியாக பயாப்ஸி எடுத்தார்கள். பத்து நாளில் ரிப்போர்ட் என்றவர்கள், நேற்று போன் செய்தால் 'இன்னொரு டெஸ்ட் போட்டிருக்காங்க, ஒரு வாரம் ஆகும்' என்கிறார்கள். புற்றுநோய் என்பதால்தானே இன்னொரு டெஸ்ட்? ராத்திரி மூன்று மணிக்கு விழித்து கூகுள் பார்க்கிறேன். கணவர் 'ஒண்ணும் இருக்காது, பேசாம இரு' என்கிறார். மாமியாரோ, ஊசி பட்டால் பரவிவிடும், பயாப்ஸி எடுத்ததே தப்பு என்கிறார். ரிப்போர்ட் வரும்வரை எப்படி இருப்பது?

பதில்: முதலில் அந்த 'இன்னொரு டெஸ்ட்' விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தூக்கத்தை இப்போது கெடுப்பது அதுதான். இன்னொரு டெஸ்ட் போட்டாலே புற்றுநோய் என்று அர்த்தம் கிடையாது. சாதாரணக் கட்டிகளுக்கும் அதே டெஸ்ட் போடுகிறோம்.

உங்கள் காலிலிருந்து எடுத்தது சேமியா இழை மாதிரி சில துண்டுகள். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அவை கெட்டுப்போகாமல் இருக்க ஃபார்மலின் என்ற திரவத்தில் சில மணி நேரமாவது ஊற வேண்டும். அப்புறம் நீர் முழுக்க நீக்கி, உருகிய மெழுகை உள்ளே ஏற்றி, ஒரு சிறிய கட்டியாக உறைய வைப்பார்கள். அந்த மெழுகுக் கட்டியை மில்லிமீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு அளவுக்குச் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்திக்கொள்வார்கள். ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றிய பிறகுதான் நோய்க்குறியியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கவே முடியும். இதில் எந்தப் படியையும் அவசரப்படுத்த வழியில்லை. சரியாக ஊறாத துண்டு சரியான பதில் தராது.

அப்படிப் பார்த்தும் பல சமயம் பெயர் சொல்ல முடியாது. தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய் மாதிரி மென்திசுக்களில் வரும் கட்டிகளில் சாதாரணமானவை, ஆபத்தானவை எல்லாம் சேர்த்து நூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் பல, சாதாரணச் சாயத்தில் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் ஐ.எச்.சி. என்கிற அடுத்த டெஸ்ட். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் மருந்தை விடுவார்கள். அந்தப் புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பு நிறமாகும். டெஸ்மின் பழுப்பானால் தசைப் பக்கமாக யோசிப்பார்கள், எஸ்-100 பழுப்பானால் நரம்பு உறைப் பக்கமாக. எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கிற வேலை இது. சில கட்டிகளுக்கு மரபணு டெஸ்டும் தேவைப்பட்டு, துண்டு வேறு ஊர் லேபுக்குப் போகும். இன்னொரு வாரம் கேட்கிற மருத்துவர் ஊகத்தில் கையெழுத்துப் போட மனமில்லாதவர். அப்படிப்பட்டவர் கையில் உங்கள் தகடு இருப்பதை நான் நல்லதாகவே நினைக்கிறேன்.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? நாடுலர் ஃபேசியைட்டிஸ் என்று ஒரு கட்டி உண்டு. சில வாரங்களிலேயே மளமளவென்று வளரும், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் புற்று மாதிரியே இருக்கும், ஆனால் பரவவே பரவாது. பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். 1955-ல் முதன்முதலாக இதை விவரித்தவர்கள் வைத்த பெயரிலேயே 'போலி சார்கோமா' என்ற பொருள் இருந்தது. சார்கோமா என்றால் மென்திசுவிலோ எலும்பிலோ வரும் புற்று. அதைப் புற்று என்று நினைத்துப் பெரிய ஆபரேஷன் செய்தால் எவ்வளவு அநியாயம்! நேர்மாறாக, சாதுவாகத் தெரியும் சார்கோமாவைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்துச் சின்ன க்ளினிக்கில் கீறி எடுத்துவிட்டு, பிறகு மறுபடி பெரிதாக வெட்ட வேண்டி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாமதத்தைவிட எனக்குப் பயம் தருவது அந்த அவசரக் கத்திதான்.

இனி உங்கள் கட்டிக்கு வருகிறேன். உடம்பில் வரும் மென்திசுக் கட்டிகளை மொத்தமாக எடுத்தால், ஒரு சார்கோமாவுக்கு நூறு சாதாரணக் கட்டிகளாவது இருக்கும். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சார்கோமா சுமார் 1 சதவீதம்தான். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே உங்களுக்குப் பொருத்தி ஆறுதல் சொல்ல மாட்டேன். 5 சென்டிமீட்டருக்கு மேல், தசைக்குள் ஆழத்தில், வளர்வதாகத் தெரிகிறது: இந்த மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். வலி இல்லை என்பதும் நிம்மதிக்குக் காரணமாகாது. அதே நேரம், தசைக்குள் வளரும் கொழுப்புக் கட்டி, நரம்பு உறைக் கட்டி, ரத்தக்குழாய்க் கட்டி, பழைய அடியில் உறைந்த ரத்தம் எல்லாமே அதே இடத்தில் அதே அளவில் வரக்கூடியவை. இன்றைய தேதியில் 'ஒண்ணும் இருக்காது' என்பதும் பொய், 'அதுதான்' என்பதும் பொய். தெரியாது என்பது மட்டும்தான் உண்மை.

மனசுக்கு அதைவிடப் பாரம் வேறில்லை. 2016-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 45 பேரை வைத்து ஒரு கணினி விளையாட்டு நடத்தினார்கள். திரையில் தெரியும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். இருந்தால் கையில் ஷாக் அடிக்கும். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தவர்களுக்குக்கூட அவ்வளவு பதற்றம் இல்லை. பாதிக்குப் பாதி என்கிறபோதுதான் வியர்வையும் பதற்றமும் உச்சத்துக்குப் போயின. உங்களிடம் தைரியம் இல்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். கெட்ட செய்தி என்று தெரிந்தபிறகுதான் நன்றாகத் தூங்கினேன் என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மாமியாரிடம் கோபப்படாதீர்கள், 'கத்தி பட்டால் பரவும்' என்ற பயம் நம் ஊரில் ரொம்பப் பழையது. ஊசி போன தடத்தில் செல்கள் தங்குவது மிக அரிது. அந்த அரிதான வாய்ப்பையும் யோசித்துத்தான், ஊசி எந்த வழியாகப் போக வேண்டும் என்று முன்னாலேயே முடிவு செய்கிறோம். புற்று என்று தெரிந்தால் ஆபரேஷனில் அந்தத் தடத்தையும் சேர்த்தே எடுத்துவிடலாம். அந்தச் சின்னத் தழும்பு மறைவதற்குள் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்து வையுங்கள். எண்ணெய் தேய்த்து நீவுவது, ஒத்தடம், பத்துப் போடுவது, வேறு யாரிடமாவது போய்க் கீறிப் பார்ப்பது எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை என்றாலும் கேட்கிறேன்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் கட்டியைத் தொட்டு அமுக்கிப் பார்க்கிறீர்கள்? பஸ்ஸில், பாத்ரூமில், படுத்த பிறகு என்று கை தானாகப் போகும். அமுக்க அமுக்கச் சுற்றுத்தசை கன்றிப்போய் வலிக்கும். வலித்ததும், ஐயோ, முற்றிவிட்டது என்று தோன்றும். போதாததற்கு, பயாப்ஸி எடுத்த இடம் சில நாள் வீங்கிக் கருநீலமாகவும் இருக்கும். கை போகும்போது 'தெரியும், பார்த்தாயிற்று' என்று வாய்விட்டே சொல்லிக் கையை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் பிடிக்கும், ஆனால் பழகும்.

மூன்று மணி விழிப்புக்கு வருவோம். கவலைப்படாதே என்று மனசுக்கு உத்தரவு போட முடியாது. ஆனால் நேரம் ஒதுக்கிக் கொடுக்கலாம். வேலை முடிந்து வந்து காப்பி குடித்ததும் இருபது நிமிஷம், ஒரு நோட்டுடன் உட்காருங்கள். பயப்படுவதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதுங்கள்: கால் போய்விடுமோ, வேலை போய்விடுமோ, பிள்ளைகள் என்ன ஆவார்கள். எழுதியதில் எதை டாக்டரிடம் கேட்கலாமோ அதற்குப் பக்கத்தில் ஒரு டிக் போடுங்கள். ராத்திரி அதே நினைப்பு வந்தால், 'நாளைக்குச் சாயங்காலம் உனக்கு நேரம் இருக்கு' என்று ஒத்திப்போடுங்கள். எளிமையாகத் தெரியும், ஆனால் மனநல ஆலோசகர்கள் பல காலமாகச் சொல்லிக்கொடுத்துப் பலன் கண்ட முறை. போனை சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு, எழுப்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். பெயரே தெரியாத நோய்க்கு கூகுளில் எதைத் தேடுவீர்கள்? அது மோசமானதைத்தான் முதலில் காட்டும்.

வேலைக்குப் போக முடிந்தால் போங்கள். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று தேடுகிற உங்கள் வேலை, கண்ணையும் கையையும் ஒரே இடத்தில் கட்டிப்போடும். வீட்டில் சும்மா உட்காருவதைவிட அது நல்லது.

உங்கள் கணவரும் பயந்துதான் இருக்கிறார். 'ஒண்ணும் இருக்காது' என்பது பல ஆண்களுக்கு அழுகைக்குப் பதிலாக வரும் வார்த்தை. ஆனால் அதைக் கேட்டதும் உங்கள் வாய் அடைத்துப்போகிறது, தனியாகிவிடுகிறீர்கள். இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். ஐயா, 'எதுவா இருந்தாலும் நான் கூட வர்றேன், எத்தனை மணிக்குக் கிளம்பணும்?' என்று கேளுங்கள், போதும். பிள்ளைகள் இருந்தால், பத்து வயதுக்கு மேல் அவர்களுக்கு ஏற்கெனவே ஏதோ தெரிந்திருக்கும். 'அம்மா காலில் ஒரு கட்டி, என்னன்னு டெஸ்ட் பண்றாங்க, தெரிஞ்சதும் சொல்றேன்' என்று மூன்று வரியில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சொந்தபந்தம் முழுவதற்கும் சொல்ல வேண்டியதில்லை. தினமும் போன் செய்து 'வந்துச்சா?' என்று கேட்காத ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் மட்டும் பேசுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. கட்டி நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரிய வளர்ந்தால், பாதம் மரத்தாலோ தூக்க முடியாமல் போனாலோ, ஊசி போட்ட இடம் சிவந்து காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தொடர்ந்து பல நாள் தூக்கமும் சாப்பாடும் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416-க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை அது. இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தால் என்ன செய்வது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்குத் தனியாகத் திறக்காதீர்கள் என்பது என் ஆலோசனை. திறந்துவிட்டாலும் சில வார்த்தைகளைப் பார்த்துப் பதறாதீர்கள். 'லீஷன்' என்றால் மாற்றம் தெரியும் இடம், அவ்வளவுதான். 'நியோபிளாசம்' என்றால் புதிதாக வளர்ந்தது. சாதாரணக் கொழுப்புக் கட்டியும் நியோபிளாசம்தான். 'ஸ்பிண்டில் செல்' என்பது செல்லின் வடிவம், நூல் நூற்கும் ராட்டையில் பார்க்கும் கதிர் மாதிரி இரு முனையும் கூர்ந்தது. அதில் சாதுவும் உண்டு, மோசமானதும் உண்டு.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: கட்டியின் முழுப்பெயர் என்ன, சார்கோமா என்றால் எந்த கிரேடு (அதாவது எவ்வளவு தீவிரமானது), நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டுமா (சார்கோமா பரவினால் பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும்), பல துறை மருத்துவர்கள் சேர்ந்து பேசும் ட்யூமர் போர்டில் என் கேஸை வைப்பீர்களா. சார்கோமா என்று வந்தால், ஆபரேஷனுக்கு முன் இந்தக் கட்டிகளை அதிகம் பார்க்கும் இடத்தில் இரண்டாவது கருத்து கேளுங்கள்: அடையாறு புற்றுநோய் மையம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் மாதிரி. உங்கள் டாக்டர் வருத்தப்பட மாட்டார். நல்ல டாக்டர் அவரே அனுப்புவார்.

அப்படிப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. எம்.ஆர்.ஐ. படங்கள் பதிந்த டிஸ்க்கோடு, கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவை இருந்தால் பெரும்பாலும் மறுபடி ஊசி குத்தாமலே சோதித்துப் பார்க்கலாம். தகட்டைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள், உடையக்கூடியது. மெழுகை வெயிலில் நிறுத்திய காரிலோ வண்டியின் பெட்டியிலோ விட்டுவிடாதீர்கள், நம் சித்திரை வெயிலுக்கு இளகிவிடும்.