பழைய வானொலி கேட்டால் அப்பா அழுகிறார், நிறுத்திவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நீலகிரி மாவட்டம் சேரம்பாடியிலிருந்து எழுதுகிறேன். என் அப்பா இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவராக 1970களில் இங்கு வந்து, தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றார். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்தில், வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் அவர் கை வைப்பது டிரான்சிஸ்டரில்தான். சிற்றலையில் இலங்கை வானொலி இரைச்சலோடு ஏறி இறங்கி வரும். அறிவிப்பாளர்கள் ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் எங்களுக்கு உறவினர் குரல்களாகவே இருந்தன. 'இசையும் கதையும்' நிகழ்ச்சி தொடங்கிவிட்டால் அம்மாவும் அடுப்பை விட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார்.

இப்போது அம்மா இல்லை. அப்பாவுக்கு மறதி நோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பொழுது சாய்ந்தால் "வீட்டுக்குப் போவோம்" என்று எழுந்து நிற்கிறார். பழைய ஒலிப்பதிவுகளைக் கைபேசியில் போட்டால் அமைதியாகிறார், கூடவே பாடுகிறார், பதுளைத் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறார், பிறகு அழுகிறார். கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் அதை நிறுத்தச் சொல்கிறார். நான் அப்பாவுக்குத் துன்பம் தருகிறேனா?

- ஒரு மகள், சேரம்பாடி

அன்புச் சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். மறதி நோயில் அண்மைய நிகழ்வுகள்தாம் முதலில் நழுவுகின்றன. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் பதிந்த நினைவுகளும், பாட்டோடு சேர்ந்த நினைவுகளும் பெரும்பாலும் நெடுநாள் தங்குகின்றன. நினைவுகூர்தலை ஒரு சிகிச்சை முறையாகவே உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். நோயை அது தடுக்காது என்றாலும், பேச்சையும் மனநிலையையும் ஓரளவு மேம்படுத்தக்கூடும்.

அழுகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1964இல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று கணக்கு எழுதியபோது, தோட்டத் தொழிலாளரை யாரும் கேட்கவில்லை. பிறந்த மண்ணை விட்டு இந்த மலையில் இறங்கியவர்களுக்கு வேலையும், லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடும் கிடைத்தன. விட்டு வந்ததற்காக அழுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. உங்கள் தந்தையார் அன்று மாலைகளில் வானொலிக்கு அருகில் உட்கார்ந்தது பாட்டுக்காக மட்டும் அன்று, பதுளைக்குப் போய்வருவதற்காகவும்தான் என்று நான் எண்ணுகிறேன். இன்று வரும் கண்ணீர் நோயின் கண்ணீர் மட்டுமல்ல. அழுத பிறகு அவர் தேறி உணவு உண்டு உறங்குகிறார் என்றால் அஞ்ச வேண்டியதில்லை. பதற்றம் நீண்டாலோ, உறக்கம் கெட்டாலோ அந்தப் பதிவை மட்டும் விலக்கிவிடுங்கள்.

கலக்கம் தொடங்கும் முன்பே, நாள்தோறும் ஒரே நேரத்தில் போடுங்கள். "இது யார் குரல், நினைவிருக்கிறதா?" என்று சோதிக்காதீர்கள். "வீட்டுக்குப் போவோம்" என்றால் "இதுதான் நம் வீடு" என்று திருத்தாமல், அந்த வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். அவருக்குக் காது மந்தமா என்றும் பார்த்துவிடுங்கள். தெளிவற்ற ஒலி குழப்பத்தைக் கூட்டும். கலக்கம் திடீரென அதிகமானால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி போன்ற காரணங்கள் இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அண்ணன் தொலைபேசியில் அழுகையை மட்டும் கேட்கிறார். அதற்கு முந்திய பாட்டை அவர் கேட்கவில்லை. அடுத்த முறை வரும்போது மாலை நேரத்தில் அப்பாவோடு அவரை உட்கார வையுங்கள். இரண்டு மாலை அவர் பார்த்துக்கொண்டால் உங்களுக்கும் ஓய்வு கிடைக்கும். உங்கள் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்தேன். மனம் தாங்காத இரவுகளில் 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி ஆலோசனைச் சேவையில் தமிழிலேயே பேசலாம்.