மூன்றாவது பச்சை விளக்கு எரியவில்லை என்றால்

டர்பன் வர்ஜீனியா விமானத் திடலில் சின்ன விமானங்களைப் பழுது பார்த்தே வாழ்க்கையைக் கழித்தவன் நான். சக்கரம் பற்றி நம்மவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணே, மகன் வர்ஜீனியாவில் பைலட்டுக்குப் படிக்கிறான். சக்கரம் இறங்காமல் போனால்? எனக்குத் தூக்கமே இல்லை. (சாட்ஸ்வொர்த்)

தங்கச்சி, பயிற்சிக்குத் தரும் சாதாரண செஸ்னா 172இன் சக்கரம் மடங்காது. எப்போதும் கீழேதான் நிற்கும். மடங்கும் சக்கரம் பைப்பர் ஆரோ, போனன்சா மாதிரி விமானங்களில். அதற்கு அவன் வர இன்னும் நாளாகும், நிம்மதியாகத் தூங்கும்மா.

சக்கரத்தை இறக்கும் லிவரைக் கீழே போட்டேன், மூன்று பச்சை விளக்கில் இரண்டுதான் எரிந்தது. இறங்கிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. செய்தது சரியா? (பீனிக்ஸ்)

சரியில்லை தம்பி. ஒரு சக்கரத்துக்கு ஒரு பச்சை; மூன்றும் எரிந்தால்தான் மூன்று சக்கரமும் இறங்கிப் பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். மேலே ஏறியிருக்க வேண்டும். டவரிடம் (திடலின் கட்டுப்பாட்டுக் கோபுரம்) சொல்லிவிட்டு, பாதுகாப்பான உயரத்தில் சுற்றிக்கொண்டே பார்த்திருக்கலாம். எரியாத பல்பைக் கழற்றி, எரிகிற இடத்தில் போட்டுப் பார். பல்பு போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஆரோவில் மூன்றுமே எரியாத மாதிரி இருந்தால் நேவிகேஷன் விளக்கை (இறக்கை முனைகளிலும் வாலிலும் எரிவது) அணைத்துப் பார். அது போட்டிருந்தால் பச்சை மங்கி, பகலில் கண்ணுக்கே தெரியாது. பிறகு சர்க்யூட் பிரேக்கரை, அதாவது மின்சாரம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் பொத்தானைப் பார். 2011இல் வார்சாவில் ஒரு போயிங் 767 231 பேரோடு வயிற்றால் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை இயக்கும் அமைப்பு) போனபின், சக்கரத்தை இறக்கும் மாற்று வழியும் வேலை செய்யாததற்குக் காரணம், வெளியே வந்திருந்த ஒரு பிரேக்கர்.

ஆனால் பல்பைப் பார்க்கும்போது விமானத்தை மறந்துவிடாதே. 1972இல் மயாமி அருகே ஈஸ்டர்ன் 401 என்ற பயணிகள் விமானத்தின் விமானிகள் ஒரு மூக்குச் சக்கர பல்போடு மல்லுக்கட்டினார்கள். விமானத்தைத் தானே ஓட்டும் ஆட்டோபைலட்டின் உயரப் பிடி விலகி, விமானம் தாழ்ந்ததை யாருமே கவனிக்கவில்லை. 101 பேர் செத்தார்கள். சக்கரம் ஒழுங்காகத்தான் இறங்கியிருந்தது. நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

கையால் இறக்க வழி உண்டா? (டொங்காட்)

உண்டு. ஆரோவில் சக்கரத்தை மேலே பிடித்து வைத்திருப்பதே ஹைட்ராலிக் அழுத்தம்தான். அவசர லிவரால் அதை விட்டால் சக்கரம் தன் எடையிலேயே விழும். மடங்கும் சக்கரம் உள்ள செஸ்னா 182 ஆர்ஜியில் கைப் பம்பு. போனன்சாவில் முன் இருக்கைக்குப் பின்னால் ஒரு கைப்பிடி, சுமார் 50 சுற்று. அதற்கு முன் சக்கர மோட்டாரின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிடுங்கள், மோட்டார் திடீரென ஓடினால் கை போய்விடும்.

எதுவுமே பலிக்கவில்லை என்றால் புல்லில் இறங்கலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வேண்டாம் ஐயா. புல் மண்ணில் விமானம் குத்திக்கொள்ளும்; தார் ரன்வேயில் வழுக்கிப் போகும். வர்ஜீனியா ரன்வே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. டர்பனின் பெரிய விமான நிலையமான கிங் ஷாகாவில் 3.7 கிலோமீட்டர், தீயணைப்பு வண்டிகளும் தயார். ரன்வேயில் தீயணைப்பு நுரை பரப்பச் சொல்லிக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பெல்ட்டை இறுக்கி, தரை தொடும் முன் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். புரொப்பெல்லரைக் காப்பாற்ற எஞ்சினை உயரத்திலேயே அணைப்பவர்கள் மீது எனக்குக் கோபமே வரும். இரும்புக்காக உயிரைப் பணயம் வைப்பதா?

சொந்த விமானம் வைத்திருக்கிறேன். எதைக் கவனிக்க? (உம்லங்கா)

கடல் உப்பை. சக்கரம் மடங்கியதைக் காட்டும் சின்னச் சுவிட்சுகளையும் ஒயர் முனைகளையும் அது அரித்துவிடும். ஆண்டுச் சோதனையில் ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தை மடக்கி இறக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். அவசர வழியையும் உங்கள் கண் முன்னாலேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.