வாசகர் கேள்வி: 33 அதிகாரமா, 35 அதிகாரமா?

கேள்வி: பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் உபதேச நூலான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை எங்கள் வீட்டில் இருக்கிறது; அதில் 35 அதிகாரங்கள். வேதபாட வகுப்புக்கு வரும் நண்பர் கையில் இருப்பதில் 33தான். எது சரி? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: இரண்டும் சரிதான்; பதிப்பு வேறு. லண்டனில் 1646இல் எழுதி முடித்து, 1647இல் ஸ்காட்லாந்து சபை ஏற்றுக்கொண்ட மூலத்தில் 33 அதிகாரங்கள். 1903இல் அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபையார் பரிசுத்த ஆவியைப் பற்றி ஒன்று, தேவ அன்பையும் மிஷன் பணியையும் பற்றி ஒன்று என இரண்டு அதிகாரங்களைச் சேர்த்தார்கள். உங்களுடையது அந்த வழி வந்தது.

ஆனால் 33 இருந்தாலே மூலம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1788இல் அதிகார எண்ணிக்கையைத் தொடாமலே அமெரிக்காவில் உள்ளிருக்கும் வாசகத்தைத் திருத்தினார்கள். நண்பரின் பிரதியில் 23ஆம் அதிகாரம், 3ஆம் பத்தியைப் பாருங்கள். துர்ப்போதனையை அடக்கவும், சபைச் சங்கங்களைக் கூட்டவும் நாட்டை ஆளுகிறவருக்கு அதிகாரம் உண்டு என்றிருந்தால் அது மூலம். எந்தச் சபைப் பிரிவுக்கும் தனிச் சலுகை தராமல் திருச்சபையைப் பாதுகாப்பதே அவர் கடமை என்றிருந்தால் திருத்தம். வகுப்பில் ஒருவர் மூலத்தையும் மற்றவர் திருத்தத்தையும் வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றால் விடியவிடியப் பேசினாலும் முடியாது. பக்க எண் சொல்லாமல் பதிப்பு, அதிகாரம், பத்தி மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரெஸ்பிட்டேரியன் சபைகளில் மூப்பர் என்பவர் நம் சேகரக் கமிட்டி மெம்பர் போலவா? (வாசகி, சாயர்புரம்)

பதில்: இல்லை. கமிட்டி மெம்பர் தவணை முடிந்ததும் இறங்கிவிடுவார். மூப்பர் ஜெபத்தோடு பிரதிஷ்டை பெற்று, குருவானவரோடு சேர்ந்து சபையை விசாரிப்பவர். 1 தீமோத்தேயு 5:17தான் ஆதாரம். ஸ்காட்லாந்து சபையின் 1560ஆம் ஆண்டு ஒழுங்குப் புத்தகம் மூப்பருக்கு ஆண்டுக்கொருமுறை தேர்தல் என்றது. 1578இல் வந்த இரண்டாம் புத்தகமோ, ஒருமுறை அழைப்புப் பெற்றவர் அதை விட்டுப் போகலாகாது என்றது. பிற்பாடு நிலைத்தது இரண்டாவதுதான். அந்தச் சபைகளில் பேராயர் கிடையாது, குருப்பட்டம் கொடுப்பது பிரெஸ்பிட்டரி என்ற மூப்பர் சங்கம். பேராயர் கையால்தான் பட்டம் என்பதை ஒட்டி எழுந்த தகராறில் 1835இல் திருநெல்வேலியில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயரையே சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கம் விலக்கிய ஊர் நம்முடையது. அதனால் இந்த வேறுபாடு இங்கே சின்ன விஷயம் அல்ல.

கேள்வி: விசுவாச அறிக்கையோடு சேர்ந்த வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடையை ஓய்வுநாள் பள்ளியில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? (ஆசிரியை, நாசரேத்)

பதில்: மொத்தம் 107 கேள்விகள், வாரம் இரண்டு என்றால் ஓராண்டுக்குச் சற்று மேல் ஆகும். ஒவ்வொரு விடையும் கேள்வியைத் தன்னுள் அடக்கிய முழு வாக்கியம். பிள்ளைகள் முன்பாதியை விழுங்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் ஒப்பிப்பார்கள், விடாதீர்கள். 41 முதல் 81 வரை பத்துக் கட்டளைகள். விக்கிரகம் கூடாது என்பது இதில் தனி இரண்டாம் கட்டளை. லுத்தரன், கத்தோலிக்கப் புத்தகங்களில் அது முதல் கட்டளையோடு சேர்ந்திருக்கும். ஆகவே கொலை செய்யாதே என்பது இதில் ஆறாவது, அவற்றில் ஐந்தாவது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறு எண் சொன்னால் தப்பு என்று திருத்த வேண்டாம்.