கேம் விளையாட வாற பொடியன்களை விரட்டவா, வச்சிருக்கவா?

கேள்வி: அக்கா, வெள்ளவத்தையில காலி வீதியில இருந்து கொஞ்சம் உள்ளுக்க சின்ன சாப்பாட்டுக்கடை வச்சிருக்கிறன். பின்னேரம் ரியூசன் முடிஞ்சு வாற பொடியன்கள் ஆளுக்கொரு பிளேன்டீயோட ரெண்டு மணித்தியாலம் குந்தியிருந்து போன்ல பப்ஜி, ஃப்ரீ ஃபயர் எண்ட சுடுற கேமுகளை விளையாடுறாங்கள், பிளக் முழுக்க அவங்கட சார்ஜர்தான். ஏழு மணிக்கு கொத்து சாப்பிட வாற ஆக்களுக்கு இருக்க இடமில்ல. விரட்டுறதா, இல்லாட்டி இதில ஏதும் உழைக்கலாமா?

பதில்: தம்பி, விரட்டாதீங்கோ. மூண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில அனேகமான சாப்பாட்டுக்கடையள் ஈ ஓட்டுற நேரம், அந்த நேரத்தில உங்களுக்கு விளம்பரம் ஒண்டும் போடாமலே ஆக்கள் வந்து இருக்கினம். அவங்கட ஆட்டம் ஓடுற நேரமும் உங்கட கடை ஓடுற நேரமும் பொருந்தேல்ல, பிரச்சினை அவ்வளவுதான், அதை பொருத்திப்போட்டா காசு தானா வரும்.

முதல்ல கரண்ட் பில் பயத்தை விடுங்கோ. இப்ப வாற போன்ல பேட்டரி 5000 எம்ஏஎச் அளவில இருக்கும், அதை முழுசா சார்ஜ் பண்ண, சூடாகி வீணாப் போறதையும் சேர்த்தாக்கூட, ஒரு யூனிட்டில நாற்பதில ஒரு பங்குதான் போகும், அதாவது ஒரு யூனிட் கரண்டில நாற்பது போன் சார்ஜ் பண்ணலாம். உங்கட தலைக்கு மேல சுத்துற ஃபேன் ஒரு மணித்தியாலத்தில எடுக்கிறது கிட்டத்தட்ட மூண்டு போனுக்கு போதும். அதால பிளக்கை மறைக்காதீங்கோ, இன்னும் நாலு கூட்டுங்கோ, ஆனா நீங்க விரும்பின மூலையில மட்டும். பிளக் எங்க இருக்கோ அங்கதான் அவங்கள் இருப்பாங்கள், குடும்பமா வாற ஆக்களிட்ட இருந்து தள்ளி உள்பக்க மேசையில பிளக்கை வச்சா இடச்சண்டை பாதி முடிஞ்சுது. வயரிங்கை மட்டும் தெரிஞ்ச ஆளைக் கொண்டு செய்யுங்கோ, ஒரு எக்ஸ்டென்சன் வயர்ல எட்டு சார்ஜரும் கேத்திலும் மாட்டுற வேலை வேணாம்.

அடுத்தது வைஃபை. விளையாடுறதுக்கு டேட்டா பெருசா போகாது, ஒரு மணித்தியாலத்துக்கு பொதுவா நூறு எம்பிக்குள்ளதான், உங்கட பக்கேஜை திண்டு முடிக்கிறது கேமின்ட அப்டேட், அது ஒரு ஜிபிக்கு மேலயும் வரும். அதால ரவுட்டர்ல கெஸ்ட் நெட்வேர்க், அதாவது வாற ஆக்களுக்கெண்டு வேற வைஃபை ஒண்டை, தனியா போட்டு, ஆளுக்கு இவ்வளவு ஸ்பீட்தான் எண்டு கட்டுப்படுத்துங்கோ, கார்ட் மெசினும் கமராவும் வேற லைன்ல இருக்கட்டும். இன்னொண்டு, ரோல்ஸ் சூடாக்க மைக்ரோவேவ் வச்சிருப்பீங்க எல்லோ, அது ஓடேக்க 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை குழப்பும், பொடியனுக்கு பிங் (சிக்னல் போய் வாற நேரம்) ஏறி, சுடுற நேரத்தில ஆட்டம் இறுகி நிண்டா அவன் நாளைக்கு பக்கத்து கடைக்குத்தான் போவான். 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள ரவுட்டரா வாங்குங்கோ. பாஸ்வேர்டை தினம் மாத்தி பில்லில எழுதிக் குடுங்கோ, சுவரில ஒட்டாதீங்கோ, பில் இருந்தாத்தான் வைஃபை.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன், அவங்கள் எப்ப வாங்குவாங்கள் எண்டதை பாருங்கோ. பப்ஜியில 100 பேர் இறங்குவினம், ஒரு மேட்ச் முழுசா போனா அரை மணித்தியாலம் மட்டில. ஃப்ரீ ஃபயர்ல 50 பேர், பத்து பதினைஞ்சு நிமிசத்தில முடிஞ்சிடும். மேட்ச் ஓடேக்க போய் 'தம்பி என்ன வேணும்' எண்டு கேட்டா ஒருத்தனும் நிமிந்து பாக்க மாட்டான். ஆனா நாலு பேர் ஸ்குவாடில முதல் செத்தவன் ஒருத்தன் இருப்பான், மற்ற மூண்டு பேர் முடிக்கும்வரைக்கும் அவனுக்கு வேலை இல்ல, சும்மா பாத்துக்கொண்டு இருப்பான், உங்கட ஆள் அவன்தான். கடையில நிக்கிற பொடியனுக்கு இதை பழக்கி விடுங்கோ, போனை மேசையில வச்சவனிட்ட மட்டும் போய் கேள்.

சாப்பாடும் அதுக்கேத்த மாதிரி இருக்கோணும். ரெண்டு பெருவிரலும் ஸ்கிரீன்ல இருக்கிறவனுக்கு எண்ணெய் கை சரிவராது. கட்லட்டை சின்னனா பிடிச்சு கப்புல போட்டு குச்சி குத்திக் குடுங்கோ, ரோல்ஸை பாதியா வெட்டி பேப்பர் சுத்திக் குடுங்கோ, மைலோ பக்கெட் ஸ்ட்ரோவோட குடுங்கோ. நாலு பேருக்கு ஒரு தட்டு எண்டு ஸ்குவாட் விலை ஒண்டு போடுங்கோ, ஆளுக்கு கொஞ்சக் காசு போட்டு வாங்கிற மாதிரி, அவங்கட பொக்கெட்டில பெருசா காசு இருக்காது எண்டதை மறக்கக்கூடாது. கொத்து எண்டது, விளையாடி முடிஞ்சு எழும்புறவனுக்குத்தான்.

ஆறரைக்கு கேம் மேசை முடியுது எண்டு போர்ட் போட்டு, பாஸ்வேர்டையும் அந்த நேரம் மாத்திப்போடுங்கோ. ஒருத்தரோடயும் முகம் முறிக்கத் தேவையில்ல.

சனிக்கிழமை பின்னேரம் சின்ன போட்டி ஒண்டு வைக்கலாம். 100 பேர் மேட்ச் தேவையில்ல, பப்ஜியில டீம் டெத்மேட்ச், ஃப்ரீ ஃபயர்ல கிளாஷ் ஸ்குவாட், ரெண்டும் 4க்கு 4, கெதியா முடியும். வெண்ட டீமுக்கு நாலு கொத்து. ஆனா ஆளுக்கு இவ்வளவு எண்டு காசு சேத்து அதையே பரிசா குடுக்கிற வேலை மட்டும் வேணவே வேணாம், அது சூது, பள்ளிக்கூடப் பிள்ளையளை வச்சு அதை செய்றது எனக்கு கொஞ்சமும் பிடிக்காது. அதே மாதிரி டயமண்ட் (ஃப்ரீ ஃபயருக்கு), யூசி (பப்ஜிக்கு) எண்டு கேமுக்குள்ள பாவிக்கிற காசை டொப்-அப் செஞ்சு குடுக்கிறதெண்டா பிளேயர் ஐடி மட்டும் கேளுங்கோ, பிள்ளையின்ட பாஸ்வேர்டை வாங்காதீங்கோ, சந்தையில மலிவா வாற யூசியையும் தொடாதீங்கோ, களவு கார்ட்டில வாங்கினதா இருந்தா அந்தப் பிள்ளையின்ட அக்கவுண்டை கம்பனி மூடிப்போடும், பழி உங்களுக்கு வரும். பள்ளிக்கூட நேரத்தில யூனிஃபோர்மோட வாறவனை இருத்தவும் கூடாது. அம்மா அப்பாமார் உங்கட கடையை நம்பினாத்தான் இது நிலைக்கும்.

எவ்வளவு காசு போடலாம் எண்டு கேப்பீங்க. 2016 யூலையில பொக்கிமோன் கோ எண்டு, போனோட வீதியில நடந்து பொக்கிமோன் எண்ட கற்பனைப் பிராணிகளை பிடிக்கிற கேம் வந்த உடனே நியூயோர்க் குயீன்ஸ் பக்கத்தில ஒரு பீட்சா கடைக்காரர் வெறும் பத்து டொலருக்கு லூர் வாங்கிப் போட்டார், லூர் எண்டா அரை மணித்தியாலத்துக்கு அந்த இடத்துக்கு பொக்கிமோன்களை இழுக்கிற சாமான், அதுக்குப் பின்னால ஆக்களும் வருவினம். அந்த வார இறுதியில வியாபாரம் 75 வீதம் கூடினதா பத்திரிகையில வந்திச்சு. ஆனா அந்த அலை சில மாசத்திலயே நல்லா அடங்கிட்டுது, எங்கட நாட்டுக்கு அந்த கேம் முறையா வந்ததே டிசம்பர்லதான். அந்த மனிசன் கடையை இடிச்சுக் கட்டேல்ல, பத்து டொலரோட நிண்டார், அதைத்தான் நீங்களும் பாக்கோணும். பிளக், ரவுட்டர், ஃபேன் எல்லாம் கேம் போனாலும் லப்டொப்போட வாறவனுக்கு உதவும், அதுக்கு செலவழியுங்கோ. சுவர் முழுக்க கேம் படம் அடிக்கிறதும் விலை கூடின கேமிங் கதிரையும் வேணாம், கம்பனியின்ட லோகோவை கேக்காம பாவிச்சா அதுவும் ஒரு தலையிடி.

இப்ப இருந்தே மூண்டு மணி தொடக்கம் ஆறரை வரைக்குமான பில்லை மட்டும் தனியா ஒரு கொப்பியில எழுதி வாங்கோ, ரெண்டு கிழமை ஒண்டும் மாத்தாம, பிறகு ரெண்டு கிழமை மாத்தின பிறகு. ஒரு மேசைக்கு மணித்தியாலத்துக்கு எவ்வளவு வருது எண்டு பிரிச்சுப் பாருங்கோ, கூடேல்லையெண்டா, விலையில கை வைக்க முதல் கேம் மேசையின்ட எண்ணிக்கையை குறைச்சுப் பாருங்கோ.