ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கொரியாவோட ஹ்வாச்சொன் மீன் திருவிழா பத்தி சும்மா ரெண்டு வரிதான் எழுதினேன், அதுக்கே இவ்ளோ கேள்வி வரும்னு நெனைக்கல. புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: வடகொரிய எல்லைக்குப் பக்கத்துல, காங்வொன் மாகாணத்துல, மலைகளுக்கு நடுவுல இருக்கற குட்டி ஊரு ஹ்வாச்சொன். அங்க ஓடுற ஆறு ஜனவரியில உறைஞ்சிடும். 2003-லேர்ந்து அந்த ஐஸ்ல ஓட்டை போட்டு சான்ச்சொனொங்கற மீன பிடிக்கற திருவிழா நடத்துறாங்க. முப்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு நல்ல வருஷத்துல பத்து லட்சம் பேருக்கு மேல வர்றாங்க.

நாங்க சுவொன்ல இருக்கோம். நானும் ஹஸ்பெண்டும் ஏழு வயசுப் பையனும் முதல் தடவையா போகலாம்னு இருக்கோம். ஐஸ் ஒடஞ்சிடாதா? எப்படிப் போறது, எவ்ளோ ஆகும்? (வாசகி, சுவொன்)

பயப்படாதீங்கம்மா, ஐஸ் இருபது சென்டிமீட்டருக்குக் கொறஞ்சா ஆள விடவே மாட்டாங்க, தினமும் டைவர்ஸ் அடியில எறங்கிப் பார்க்கறாங்க. பிரச்சனை நேர் எதிர்ப் பக்கம். சில வருஷம் குளிரே வர மாட்டேங்குது. 2020-ல வெயிலும் மழையும் சேர்ந்து தொடக்கமே ஜனவரி கடைசிக்குத் தள்ளிப்போச்சு. அதனால ஹோட்டல் புக் பண்றதுக்கு முன்னாடி அந்த வருஷத்துத் தேதிய ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க, கேன்சல் பண்ண முடியற ரூமா எடுங்க. ரயில்ல ச்சுன்ச்சொன் வரைக்கும் போயி அங்கேர்ந்து பஸ் பிடிக்கலாம், இல்லன்னா சியோல் கிழக்கு பஸ் ஸ்டாண்ட்லேர்ந்தே பஸ் இருக்கு. சனி ஞாயிறு மட்டும் வேணவே வேணாம், ரோட்டுலயே பாதி நாள் போயிடும். பெரியவங்களுக்கு டிக்கெட் சமீபத்துல 15,000 வோன், அதுல 5,000 வோனுக்கு அந்த ஊர்க் கடைகள்ல செலவு பண்ற மாதிரி கூப்பன் திருப்பித் தந்துடுவாங்க. அத வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா வெறும் காகிதம்தான், அங்கயே சூப்போ சோளமோ வாங்கித் தீர்த்துடுங்க. வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு தனியா ஒரு இடம் ஒதுக்கியிருக்காங்க, பையனோட போறதால அத மொதல்லயே விசாரிச்சு வெச்சுக்கோங்க.

நாலு மணி நேரம் உக்காந்தேன், ஒண்ணுகூட மாட்டல. பக்கத்து ஓட்டைல ஒரு கொரியத் தாத்தா முக்கால் மணி நேரத்துல மூணு பிடிச்சுட்டு எழுந்து போயிட்டாரு. அவருக்கு மட்டும் என்ன ரகசியம்? (வாசகர், டேஜொன்)

ரகசியம்லாம் இல்ல, நீங்க உக்காந்தது தான் தப்பு. மூணு பிடிச்சுட்டு அவரு கெளம்பினதுக்குக் காரணம், ஒரு ஆளுக்கு மூணு மீன்தான் எடுத்துட்டுப் போகலாம்னு கணக்கு.

நம்ம ஊர்ல குளத்துல தக்கை போட்டு, புழு கோத்து, தக்கை முங்குற வரைக்கும் சும்மா உக்காந்திருப்போம்ல, அந்தப் பழக்கம் இங்க செல்லாது. இங்க புழு கிடையாது, லூர்தான், அதாவது மீன் மாதிரி பளபளன்னு இருக்கற உலோகத் துண்டு, கீழ கொக்கி. அது செத்த மாதிரி தொங்கிட்டு இருந்தா எந்த மீனும் திரும்பிக்கூடப் பார்க்காது. தூண்டில் ஒரு முழம் ஒன்றரை முழம்தான் இருக்கும், சின்னப்புள்ள வெளையாட்டுச் சாமான் மாதிரி, வாசல்லயே கடைல கிடைக்கும். லூர அடி வரைக்கும் எறக்குங்க, தரைல தட்டினது கைல தெரியும், அங்கேர்ந்து ஒரு சாண் மேல தூக்கிக்கோங்க. அப்புறம் மணிக்கட்ட மட்டும் வெடுக்குன்னு சுண்டி விட்டு, நழுவ விட்டு, ரெண்டு செகண்ட் நிறுத்தணும். பெரும்பாலும் அந்த நிறுத்துற நேரத்துலதான் கடிக்கும். கடிச்சா தூண்டில் நரம்ப இழுத்துச் சுத்திட்டு இருக்காதீங்க, அப்படியே எழுந்து நின்னு ரெண்டு கையாலயும் மளமளன்னு மேல இழுங்க, நரம்பு தளர்ந்தா மீன் கழண்டுடும்.

இன்னொண்ணு, ஓட்டை. பத்து நிமிஷம் விட்டா மேல மெல்லிசா பால் ஆடை மாதிரி ஐஸ் படியும், அத வழிச்சு எடுத்துட்டே இருங்க. நரம்புலயும் முத்து முத்தா ஐஸ் ஒட்டும், விரலால உருவி விடணும். முடிஞ்சா ஒரு பாய் விரிச்சு குப்புறப் படுத்து, மொகத்த ஓட்டைக்கிட்ட வெச்சு, கையால வெளிச்சத்த மறைச்சுப் பாருங்க, கீழ தண்ணி பச்சையா தெளிவா தெரியும், மீன் வர்றதும் லூர மோந்து பார்த்துட்டுப் போறதும் அப்படியே தெரியும். நான் மொதல் தடவை அப்படிப் படுத்தப்ப மேல்பாக்கெட்ல இருந்த போன் ப்ளக்குன்னு உள்ள போயிடுச்சு, சத்தம்கூட வரல. ஜிப் போட்ட பாக்கெட்ல வைங்க.

மீன் விடுற நேரத்தையும் கவனிங்க. ஆத்துல தானா இருக்கற மீன் இல்ல இது, பண்ணைல வளர்த்து ஒரு நாளைக்குப் பல தடவை கொண்டாந்து விடுறாங்க. விட்ட ஒடனே நல்லா கடிக்கும், காலைல மொத ஆளா போறவங்களுக்கு லாபம். ஒரே ஓட்டைல அரை மணி நேரம் ஒண்ணும் நடக்கலன்னா எடத்த மாத்திடுங்க, அந்த ஓட்டை மேல பாசம் வெக்காதீங்க.

என்ன டிரெஸ் போட்டுட்டுப் போகணும்? (வாசகர், புசான்)

மேல எத்தன ஸ்வெட்டர் போட்டாலும் குளிர் கால் வழியாதான் ஏறும். ஷூ ஒரு சைஸ் பெருசா, உள்ள கம்பளி சாக்ஸ். இறுக்கமா ரெண்டு சாக்ஸ் போட்டா ரத்த ஓட்டம் நின்னு இன்னும் மோசம். கொரியாவுல எந்தச் சின்னக் கடைலயும் சூடு தர்ற குட்டிப் பை கிடைக்கும், ஒண்ண ஷூவுக்குள்ள, ஒண்ண போனோட சேர்த்து வைங்க, குளிர்ல பேட்டரி சட்டுனு செத்துடும். ஜீன்ஸ் வேணாம், நனைஞ்சா பலகை மாதிரி ஆயிடும்.

வெறுங்கையால மீன் பிடிக்கற போட்டிக்கு என் வீட்டுக்காரர் எறங்கியே தீருவேன்னு அடம் பிடிக்கறாரு. விடலாமா? (வாசகி, சியோல்)

இதயக் கோளாறு, பிரஷர் இருந்தா கண்டிப்பா வேணாம். இல்லன்னா விடுங்க, வாழ்நாள் பூரா சொல்லிக்காட்டலாம். டி-ஷர்ட்டும் அரை டிராயரும் குடுப்பாங்க, வெறுங்காலோட ஐஸ் தண்ணித் தொட்டில எறங்கணும், கொஞ்ச நிமிஷம்தான். வழுக்குற மீன ரெண்டு கையால ஓரத்துக்குத் தள்ளி, செவுளுக்குப் பக்கத்துல அமுக்கிப் பிடிக்கணும், பிடிச்சத டி-ஷர்ட்டுக்குள்ள போட்டுக்கறவங்களும் உண்டு, வாயால கவ்விக்கிட்டு போஸ் குடுக்கறவங்களும் உண்டு. நீங்க துண்டோட வாசல்லயே நில்லுங்க, போட்டோ அப்புறம்.

பண்ணை மீன கொண்டாந்து விட்டு, அத லட்சம் பேர் பிடிக்கறது பாவம் இல்லையா? (வாசகர், கோவை)

இந்தக் கேள்விய கொரியாவுலயே கேக்கறாங்க. விலங்குநல அமைப்புகள் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துல புகாரே குடுத்தாங்க, அது வழக்கா நிக்கல. இந்த சான்ச்சொனொங்கற மீனு சால்மன் குடும்பம், கிழக்குக் கடல் பக்கம் ஓடுற ஆறுகள்ல இருக்கறது, மேற்கால ஓடுற ஹ்வாச்சொன் ஆத்துக்கு அது சொந்தமே இல்ல. இன்னொரு பக்கம், ராணுவ முகாம நம்பிப் பொழைச்ச ஊருக்கு திருவிழா நடக்கற அந்த மூணு வாரம்தான் பெரிய வருமானம். எனக்கு வெறுங்கைப் போட்டி பார்க்கறப்ப கொஞ்சம் உறுத்தும், தூண்டில் உறுத்தாது, மீன் தின்னுறவன் அதுக்கு மேல நியாயம் பேசக்கூடாது. பிடிச்சத ஐஸ்ல துள்ள விட்டு செல்ஃபி எடுக்காம ஒடனே பைல போடுங்க, அவ்ளோதான் நான் கேக்கறது.

பிடிச்ச மீன ரூமுக்குக் கொண்டாந்து குழம்பு வைக்கலாமா? (வாசகி, இஞ்சொன்)

வைக்காதீங்க, புளிக் கொழம்புல கரைஞ்சே போயிடும், அவ்ளோ மெத்துனு இருக்கற சதை. அங்கயே சுட்டுத் தர்ற எடம் இருக்கு, கொஞ்சம் காசு குடுத்தா சுத்தம் பண்ணி உப்புத் தூவி ஃபாயில்ல சுத்தி சுட்டுத் தருவாங்க. பக்கவாட்டுல மை தொட்டுக் கைரேகை வெச்ச மாதிரி வரிசையா கருப்புத் தடம் இருக்கும்ல, அந்தத் தோலோட சேர்த்து சூடா பிச்சுத் தின்னணும். வெறும் உப்பு நமக்குப் பத்தாது, வீட்லேர்ந்து ஒரு சின்ன டப்பால மெளகுத்தூளும் மெளகாத்தூளும் கலந்து எடுத்துட்டுப் போங்க. பக்கத்து டேபிள்காரங்களும் ஒரு சிட்டிகை கேப்பாங்க, கொஞ்சம் கூடவே எடுத்துக்கோங்க.