குழந்தை அறைக்கு 1,32,000 ரூபாய் கொட்டேஷன்: சரி சொல்லலாமா?

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாதம். தை மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். மதுரை கே.கே.நகரில் சொந்த ஃப்ளாட், வீட்டுக்கடன் தவணை 14,500 ரூபாய். கணவருக்குக் கைக்கு வருவது 42,000, எனக்கு 28,000. தவணையும் சேர்த்து மாதச் செலவு 48,000 ஆகிறது. சேமிப்பு 1,80,000 இருக்கிறது. நான் எட்டுப் பேர் உள்ள சின்ன ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஆறு மாதம் லீவு தருகிறார்கள், ஆனால் சம்பளம் கிடையாது. சிசேரியன் என்றால் 85,000 வரை ஆகும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். கணவரின் கம்பெனி இன்ஷூரன்ஸில் பிரசவத்துக்கு 50,000 வரைதான் கிடைக்கும்.

சின்ன ரூமைக் குழந்தை அறையாக மாற்ற ஆசை. வால்பேப்பர், நட்சத்திர விளக்கு வைத்த ஃபால்ஸ் சீலிங், மரத்தொட்டில், கப்போர்டு எல்லாம் சேர்த்து ஓர் இன்டீரியர்காரர் 1,32,000 சொல்லியிருக்கிறார். 5,000 முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. இது போக எனக்கு ஃபீடிங் டிரெஸ், பேர் வைக்கும் அன்று அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே மாதிரி உடை, போட்டோஷூட் என்று 40,000 ஆகும். கணவர், "கிரெடிட் கார்டில் 12 மாத வட்டியில்லாத் தவணையாகப் போட்டுவிடலாம்" என்கிறார். திருமங்கலத்தில் இருக்கும் என் அம்மாவோ, "பிள்ளை பிறக்குமுன் ஒரு சாமானும் வாங்கக் கூடாது" என்கிறார். பிங்க் நல்லதா, நீலம் நல்லதா என்பதில் வேறு வீட்டில் சண்டை. என்ன செய்யலாம்?

பதில்: தலைப்பிரசவம், அம்மா வீடு திருமங்கலத்தில். அப்படியென்றால் பிள்ளையோடு நீங்கள் கே.கே.நகர் வருவது மூன்றாம் மாதமான பங்குனியில், இல்லாவிட்டால் ஐந்தாம் மாதமான வைகாசியில். வந்த பிறகும் பிள்ளை அந்த அறையில் தனியாகத் தூங்கப் போவதில்லை. முதல் ஆறு மாதம் பெற்றோர் படுக்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், குழந்தையைப் படுக்க வைக்க வேண்டும் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆக, கார்த்திகையில் நீங்கள் மாட்டப்போகும் நட்சத்திர விளக்கை அண்ணாந்து பார்க்க ஆடி மாதம் வரை அங்கே ஆள் கிடையாது. உங்கள் அம்மா சொல்வது அவருக்குச் சகுனமாக இருக்கலாம், எனக்கு அது ரொக்கக் கணக்காகத்தான் தெரிகிறது. கையில் பணம் மிகவும் தேவைப்படும் மாதங்களில், யாரும் புழங்காத அறைக்குள் அதைக் கொண்டுபோய்ப் பூட்டுகிறீர்கள்.

இனி கணக்கு. லீவில் இருக்கும் ஆறு மாதமும் உங்கள் சம்பளம் இல்லை. செலவு 48,000, வரவு 42,000, மாதம் 6,000 துண்டு விழும். தடுப்பூசி, டாக்டர், டயாப்பர் என்று பிள்ளைக்கு ஒரு 5,000 வையுங்கள். மாதம் 11,000 வீதம் ஆறு மாதத்துக்கு 66,000. இன்ஷூரன்ஸ் போக மருத்துவமனைக்கு நீங்கள் கட்ட வேண்டியது 35,000. பிறந்த பிள்ளைக்கு மஞ்சள்காமாலை என்று இரண்டு நாள் விளக்கு வெளிச்சத்தில் வைப்பது சர்வ சாதாரணம். அந்த மாதிரி எதிர்பாராததற்கு 30,000 தொடாமல் இருக்கட்டும். சேமிப்பில் இத்தனையும் போக மிஞ்சுவது 49,000. அறைக்கும் உடைக்கும் சேர்த்து நீங்கள் கேட்பது 1,72,000.

உங்கள் ஆபீஸைக் குறை சொல்லவும் வழியில்லை. 26 வாரச் சம்பள விடுப்பு பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். உங்கள் இடத்தில் எட்டுப் பேர். முதல் இரண்டு மாதம் அரைச் சம்பளமாவது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஆடிட்டருக்கு மார்ச் மாதம் கணக்குத் தெரிந்த ஆள் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திருமங்கலத்தில் இருந்தபடியே சில கோப்புகளைப் பார்த்துத் தருகிறேன் என்றால் பேச்சு சுமுகமாகவே நடக்கலாம்.

அப்புறம் அந்த 'வட்டியில்லாத் தவணை'. 1,32,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 11,000. ஏற்கெனவே மாதம் 11,000 பள்ளம் இருக்கும் வீட்டில், அதே அளவுக்கு இன்னொரு பள்ளம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடும், அந்த அளவுக்குக் கடைக்காரர் விலையில் கழித்துக் காட்டுவார். வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., பிராசசிங் கட்டணம் இரண்டும் உங்கள் தலையில். ரொக்கம் தருகிறேன் என்றால் குறைத்திருப்பாரே, அந்தத் தள்ளுபடியும் போச்சு. ஒரு மாதம் பில்லை முழுதாகக் கட்டாமல் விட்டால் கார்டு நிலுவைக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். தவணை வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், பரவாயில்லை.

சரி, 49,000-க்குள் அறை அழகாக இருக்குமா? இருக்கும். நான் பிரிப்பது இப்படி: அறைக்கு 22,000, உங்கள் உடுப்புக்கு 15,000, மீதி பிள்ளை உடுப்புக்கும் பேர் வைக்கும் நாளுக்கும். உங்கள் பங்கு அதிகம் என்று வீட்டில் யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், காரணத்துக்கு வருகிறேன்.

முதலில் வால்பேப்பரைப் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள். என் மகள் பிறந்த வருடம் நானும் ஒட்டினேன், மேற்குப் பார்த்த சுவரில், மேகமும் பலூனுமாக. ஐப்பசியில் ஒட்டியது, தை பிறப்பதற்குள் சுவரில் ஓதம் ஏறி, கீழே இருந்த பலூன்கள் எல்லாம் சுருண்டு நின்றன. ஒட்டிக்கொடுத்தவரைக் கூப்பிட்டால் சுவரைக் குறை சொன்னார். அடைமழைக் காலத்தில் இந்த வேலையே வேண்டாம். பங்குனி வெயிலில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் துடைத்தால் அழுக்குப் போகிற எமல்ஷன் அடியுங்கள். பத்துக்குப் பத்து அடிச் சுவருக்கு இரண்டு கோட் என்றால் இரண்டு லிட்டர் போதும், கூலியோடு நான்காயிரத்துச் சொச்சத்தில் முடியும். டப்பாவில் ஈயம் 90 பி.பி.எம்.-க்குள் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், சட்டம் அனுமதிப்பது அவ்வளவுதான். நீங்கள் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே அடித்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வாடை போக விடவும்.

நிறச் சண்டைக்கு என் தீர்ப்பு: இரண்டும் வேண்டாம். ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லப் போவதில்லை, சொல்வதும் குற்றம். கிளிப்பச்சை எடுங்கள். மீனாட்சி ஊரில் கிளியை விட்டுவிட்டு வால்பேப்பரில் ஒட்டகச்சிவிங்கியைத் தேடுவானேன்? வெட்டுத்துணியில் ஏழெட்டுக் கிளி தைத்து உள்ளே பஞ்சு திணித்து, எம்பிராய்டரி வளையத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதும். பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. தெரு முனைத் தையல்காரம்மா ஐந்நூறு ரூபாய்க்குள் செய்து தருவார்.

திரைச்சீலைக்கு, புள்ளி புள்ளியாகச் சாயம் ஏற்றிய சுங்குடிச் சேலை இரண்டு வாங்குங்கள். ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலையைப் பாதியாக வெட்டினால் இரண்டே முக்கால் மீட்டர் வீதம் இரண்டு திரை. பார்டர் ஓரமாக மேலிருந்து கீழே இறங்கும், முந்தி உள்ள துண்டைக் கீழ்ப்பக்கம் முந்தி வருகிற மாதிரி தொங்கவிட்டால் தனி வேலைப்பாடே தேவையில்லை. ஜன்னல் வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் பொட்டு வைத்த மாதிரித் தெரியும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது என்றால் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, தடவினால் சின்ன மேடு தட்டும். எல்லாம் ஒரே அளவில் வழவழவென்று இருந்தால் அச்சு. திரைக்கு அச்சுச் சுங்குடியே தாராளம், சேலை ஆயிரத்துக்குள் கிடைக்கும். தைக்குமுன் உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டுத் தனியாக அலசிவிடுங்கள், சாயம் கொஞ்சம் இறங்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது. ஊர்ப் பொருளை வைத்தே அறை பேசப்படும்.

ஃபால்ஸ் சீலிங் விஷயத்தில் உங்கள் இன்டீரியர்காரர் ஒன்றை யோசிக்கவில்லை. தொட்டில் கொக்கி எங்கே போகும்? ரூமில் கொக்கி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அதை மூடிவிட்டு, 20,000 கொடுத்து மரத்தொட்டில் வாங்குவது என்ன கணக்கு? மரத்தொட்டிலும் ஆசையென்றால் அண்ணன் தம்பியிடம் பேசிவிடுங்கள். தாய்மாமன் சீரில் எப்படியும் ஏதோ வரப்போகிறது, அது வேண்டியதாக வரட்டும். தொட்டிலுக்குள் தட்டையான, அமுங்காத மெத்தை மட்டும் போடுங்கள். கடைகளில் அழகழகாகக் காட்டும் தலையணை, சுற்றிக் கட்டும் பம்பர், பொம்மை எதுவும் தூங்கும் பிள்ளை பக்கத்தில் வேண்டாம். பஞ்சு வைத்த பம்பரை அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டே விற்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அதில் மட்டும் இரண்டாயிரம் மிச்சம்.

கப்போர்டும் வேண்டாம். பழைய பீரோ ஒன்று கிடக்குமே, அதைப் பட்டறையில் கொடுத்துக் கிளிப்பச்சையில் ஸ்ப்ரே அடித்து வாங்குங்கள். ஆனால் ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பதில் மிச்சம் பிடிக்காதீர்கள், 22,000-ல் முதல் செலவு அதுதான். சித்திரை வெயிலில் ஜன்னலை மூடி வைக்க முடியாது, திறந்தால் கே.கே.நகர்க் கொசு.

இனி உங்கள் உடுப்பு. பிள்ளை அறையை ஆறு மாதம் கழித்துத்தான் பயன்படுத்தும், உங்கள் உடையை நீங்கள் பிரசவமான மறுநாளில் இருந்து இரவு பகலாக உடுத்தப் போகிறீர்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அதில்தான் உங்களைப் பார்ப்பார்கள். சாயம்போன நைட்டி, தோளில் ஒரு துண்டு என்று ஆறு மாதம் ஓட்டும் பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன். நல்ல பருத்தியில், யோக்குக்குக் கீழ் இரண்டு பக்கமும் மறைவாக ஜிப் வைத்த ஃபீடிங் நைட்டி ஐந்து, அதே மாதிரி ஜிப் வைத்த குர்த்தி மூன்று எடுங்கள். ராஜபாளையம் பக்கம் நைட்டி தைப்பதே பெரிய தொழில். அங்கிருந்து வரும் மொத்தச் சரக்கை விளக்குத்தூண் பக்கம் கேட்டுப் பாருங்கள், மாலில் 'மெட்டர்னிட்டி' என்று சீட்டு ஒட்டியதை விட நிச்சயம் குறைவாக இருக்கும். வெளியில் போக வர முன்கொக்கி பிளவுஸ் போட்ட சேலையே போதுமான ஃபீடிங் டிரெஸ். ஸ்டைலுக்காக முதுகில் கொக்கி வைத்துத் தைத்தவற்றை ஒரு வருடத்துக்குப் பரணில் போடுங்கள்.

ஆரி வேலை பிளவுஸ் மட்டும் இப்போது தைக்காதீர்கள். இன்றைய அளவு மாசியில் இருக்காது, மாசி அளவு ஆவணியில் இருக்காது. தைத்தே ஆக வேண்டுமென்றால் உள்ளே இரண்டு இன்ச் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், பிரிக்கலாம்.

பேர் வைக்கும் அன்று ஒரே மாதிரி உடைதானே? பிளவுஸ் துண்டோடு வரும் சுங்குடிச் சேலை ஒன்று எடுங்கள். சேலை உங்களுக்கு, அந்தத் துண்டில் பிள்ளைக்கு ஜப்லா, உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் எதிர்நிற பிளவுஸ். மொத்தமே 1,500 தாண்டாது. நெட் வைத்த ஃப்ராக்கில் பிள்ளை அரை மணி நேரம் கூட இருக்காது, வேர்க்குருதான் மிச்சம். போட்டோஷூட்டுக்குக் காலை எட்டு மணி ஜன்னல் வெளிச்சமும், போனில் நன்றாகப் படமெடுக்கும் ஒரு சித்தி மகளும் போதும்.

பிள்ளை உடுப்பில் பெரிய செலவு வேண்டாம். பிறந்த எடை ஐந்தாம் மாத வாக்கில் இரண்டு மடங்காகிவிடும், ஒரு வயதில் மூன்று மடங்கு. பிறந்த பிள்ளை அளவில் எடுத்த சட்டை சில வாரத்தில் ஏறாது. முதலில் அம்மா வீட்டில் இருக்கும் பழைய, நைந்த வேட்டித் துணிதான் அதற்குச் சுகம். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் என்ன எடுக்க என்று கேட்டால் ஆறு மாதம் முதல் ஒரு வயது வரைக்கான அளவில் எடுக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நீங்கள் கேட்காதது இரண்டு: பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிடுங்கள், கம்பெனி இன்ஷூரன்ஸில் பிள்ளை பெயரைச் சேர்க்கக் கணவரை உடனே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த 5,000 முன்பணம். திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் இழுத்தடிப்பார்கள். அதற்குப் பதில், "சீலிங், வால்பேப்பர், தொட்டில் எதுவும் வேண்டாம், பங்குனியில் ஒரு சுவர் பெயிண்ட், கொசுவலை, திரைக் கம்பி மட்டும் செய்துகொடுங்கள், முன்பணத்தை அதில் கழியுங்கள்" என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் தேதியும் தொகையும் போட்டு வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிடுங்கள். மார்கழி பிறந்துவிட்டால் நீங்களும் பேச மாட்டீர்கள், அவரும் போன் எடுக்க மாட்டார்.